எடுத்தாச்சு என்றால் என்ன?

நஸீர் நானா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி காலை ஏழரை மணிக்கு நம் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. நம்மிடம் நஸீர் என்ற பெயரில் இரண்டு பேர் உண்டு. களஞ்சியத்தில் ஒருவர், கருவிப் பகுதியில் ஒருவர். போதாக்குறைக்கு, செய்தியைப் போட்ட மகான் போன மாதம்தான் உயிரோடிருக்கும் ஒரு டிரைவருக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, பிறகு அந்த டிரைவரிடமே மன்னிப்புக் கேட்டவர்.

அதனால் முதலில் சிவநேசனை அழைத்தேன். மின்பலகை அறையில் வேலை செய்யும் அவர் உயிரோடு இருப்பது எனக்கு உறுதியாகத் தெரியும். முந்தின நாள் மாலைதான் என்னோடு சண்டை பிடித்திருந்தார். அவர் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். அடுத்து நஸீர் நானாவின் இலக்கம். அவருடைய மகள் பேசினாள்.

"ராணி அன்ட்டி, வாப்பா சுபஹ் தொழுதிட்டு வந்து கதிரையில ஒக்காந்தாங்க. அவ்வளவுதான். லுஹர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறாங்க."

மறுபடி சிவநேசனை அழைத்தேன்.

"என்ன ராணி, எடுக்கிறியள், வைக்கிறியள்? விளையாட்டே?"

"நம்ம நஸீர் நானா போய்ட்டாருங்க."

கதிரையைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு, "பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு நில்லுங்கோ, கார் கொண்டு வாறன்" என்றார்.

ஏன் மூன்று அழைப்பு என்று, நானாவோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழாயில் ஓடும் தண்ணீரையும் பாலையும் அளக்கும் ஃப்ளோ மீட்டர்களைப் பொருத்துவதுதான் நானாவுக்கும் எனக்கும் வேலை. மீட்டரின் தலையில் டிரான்ஸ்மிட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். எவ்வளவு ஓடுகிறது என்பதை அதுதான் கட்டுப்பாட்டறைக்குச் சொல்லும். அந்தப் பெட்டிக்குள் கை வைக்குமுன் கரண்ட் நின்றுவிட்டதா என்று நானா மூன்று தரம் பார்ப்பார். முதலில், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் டெஸ்டரை வைப்பார். பிறகு வேலை செய்யவேண்டிய கம்பியில் வைப்பார். பிறகு மறுபடி அதே பிளக்கில். "டெஸ்டர் செத்துப் போயிருந்தாலும் லைன் செத்த மாதிரித்தான் காட்டும், மகள்" என்பார். என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர், ஆனால் எல்லாப் பெண்களும் அவருக்கு மகள்தான்.

சந்தேகம் அந்த மனிதருக்கு இரத்தத்தில் ஓடியது. கன்டீனில் தேநீர் கொண்டுவந்து வைத்தால், "இது இன்னைக்குப் போட்டதா, நேத்துப் போட்டதச் சுட வெச்சதா?" என்று கேட்காமல் குடித்த நாளே இல்லை. கன்டீன் அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "டெஸ்டரப் போட்டுப் பாருங்க நானா!" என்று சொல்ல, அவர் உண்மையாகவே சட்டைப்பையைத் தடவினார்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது, ஆரம்பத்தில். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இந்த வேலைக்கு வந்தவள். முதல் வாரம் நான் முறுக்கிய ஒவ்வொரு கம்பியையும் அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் போட்டேன்.

"என்ன நானா, லயத்துப் புள்ளைக்கு ஸ்க்ரூ முறுக்கத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

"ஒன்ட கை முறுக்கினதா, என்ட கை முறுக்கினதான்னு கம்பிக்குத் தெரியாது" என்றார்.

அவர் முறுக்கியதையும் அவரே இழுத்துப் பார்ப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குக் காட்டுவதற்காகச் செய்கிறார் என்றே நினைத்தேன். ஆளில்லாதபோதும் இழுக்கிறாரா என்று பால் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். இழுத்தார். அந்தச் சந்தேகம் அன்றோடு போனது. வேறு சந்தேகங்கள் இருந்தன.

மலையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயில் புது மீட்டர் வைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மீட்டரின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசையில் அது இருக்கவேண்டும். மலை இந்தப் பக்கம், ஆகவே தண்ணீர் இந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று மேற்பார்வையாளர் சத்தியம் செய்தார். நானா போய் மலைப்பக்கத்து வால்வை மூடி, நடுவில் இருந்த சின்னக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் நிற்காமல் கொட்டியது. குழாய் தொட்டியைச் சுற்றி வந்து மறுபக்கத்தால் நுழைந்திருந்தது. "மனுசன்கிட்ட கேக்காத, தண்ணிக்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு அம்பைத் திருப்பி வைத்தார்.

அந்த மீட்டரில்தான் எல்லாம் நடந்தது.

கம்பி இணைக்கவேண்டிய நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. நானா ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது, "நான் வாற வரைக்கும் மூடியத் திறக்காத. பூட்டு என்ட பையில ஈக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பூட்டு அது. மின்பலகையில் ஆளியை, அதாவது சுவிட்சை, அணைத்து அந்தப் பூட்டைப் போட்டு, ஒரே சாவியை, உள்ளே கை வைக்கிறவர் தன் பையில் போட்டுக்கொள்ளவேண்டும். அது அவருடைய சட்டம்.

நான் காத்திருக்கவில்லை. அந்த மாதம் ஷிப்ட் பொறுப்பாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மனுப் போட்டவர்கள் இரண்டே பேர், நானும் சிவநேசனும். மீட்டரை நானே முடித்தேன் என்று காட்ட எனக்கு ஆசை. மின்பலகை அறைக்கு அழைத்தேன்.

"என்னங்க, அந்தப் புது மீட்டருக்குக் கரண்ட் எடுத்தாச்சுங்களா?"

"ஓம் ஓம், எடுத்தாச்சு" என்றார் சிவநேசன்.

மூடியைத் திறந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கேபிளின் நுனியில் சுற்றியிருந்த டேப்பை உரித்தேன். இன்னும் ஒரு சுற்றுத்தான் மிச்சம்.

"கைய எடு!"

தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நானா எனக்குப் பின்னால் நின்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கையை எடுத்தேன். அவர் பக்கத்திலிருந்த பிளக்கில் டெஸ்டரை வைத்தார், பிறகு நான் உரித்த கேபிளில் வைத்தார், பிறகு மறுபடி பிளக்கில் வைத்தார். மூன்று தரமும் இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. சிவநேசன் வேண்டுமென்றே செய்தார். வேறென்ன? நான் இல்லாவிட்டால் பதவி அவருக்கு. அன்று மாலையே முகாமையாளருக்கு மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். சிவநேசனுக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டிருந்தது, இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அடுத்த இரண்டு நாளும் நானாவின் நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. காவலாளியிடம் குசுகுசு. கன்டீன் அக்காவிடம் குசுகுசு. நான் கிட்டப் போனால் பேச்சு நின்றது. சிவநேசனோடு அவர் மின்பலகை அறையில் அரை மணி நேரம் இருந்ததைக் கண்ணால் கண்டேன். சரி, ஆண்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அவர் ஒருவர்தான் எனக்குச் சாட்சி. அவரும் போய்விட்டால் என் கடிதம் வெறும் காகிதம்.

விசாரணைக்கு முதல்நாள் என்னிடம் வந்து கடிதத்தின் பிரதியைக் கேட்டார். நின்றபடியே வாசித்தார். வாசித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இதுல ஒரு கம்பி லூசா ஈக்கி" என்றார்.

"எதுங்க?"

"நீயே இழுத்துப் பாரு."

எனக்குத் தெரியும் எது என்று. காத்திரு என்று அவர் சொன்னது அதில் இல்லை. பூட்டுப் போடாமல், டெஸ்டர் வைக்காமல் நான் மூடியைத் திறந்தது அதில் இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். நாளைக்கு இவரே எல்லார் முன்னிலையிலும் அதைச் சொல்லி என்னைக் கவிழ்ப்பார் என்று நினைத்தேன்.

விசாரணையில் அவர் என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டது என்ன, பதில் என்ன என்று மட்டும் எங்கள் இருவரையும் சொல்லச் செய்தார். பிறகு முகாமையாளரிடம் சிங்களத்தில், "சேர், இந்த அறையில் தமிழ் தெரிந்த எழுத்தர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கரண்ட் எடுத்தாச்சு என்றால் என்ன என்று அவர்களைக் கேளுங்கள்" என்றார்.

ஹேவாஹெட்டத் தோட்டத்துத் தம்பி, "கரண்ட நிப்பாட்டியாச்சுன்னு அர்த்தம் சேர்" என்றான்.

பக்கத்து மேசையிலிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். "இல்லை சேர், கறண்ட் இழுத்துக் குடுத்தாச்சு எண்டு. எங்கட வீட்டுக்கு இப்பதான் கறண்ட் எடுத்தது."

முகாமையாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார்.

சிவநேசன் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "மீட்டருக்குக் கறண்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லி எஞ்சினியர் விடியவே சொன்னவர், ராணி. எடுத்தாச்சோ எண்டு நீங்கள் கேக்க, நான் ஓம் எண்டன். நீங்கள் அந்த வயரில கை வைக்கப்போறியள் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

காவலாளியிடமும் கன்டீன் அக்காவிடமும் நானா குசுகுசுத்தது இந்த ஒரே கேள்வியைத்தான். பாதிப் பேர் கரண்ட் போயிருச்சு என்றார்களாம், பாதிப் பேர் வந்திருச்சு என்றார்களாம்.

நான் எழுந்து, கடிதத்தில் விட்ட வரியைச் சொன்னேன். நானா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசனின் வேலை தப்பியது. எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது, பதவி மூன்றாவது ஆள் ஒருவருக்குப் போனது. வெளியே வந்ததும் நானாவிடம், "நீங்களே சொல்லிருக்கலாமே, ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ஆளச் சந்தேகப்படுற எனக்குப் பழக்கமில்ல மகள். கம்பியத்தான். அதோட, சொல்லையும்."

அடுத்த வாரம் மின்பலகை அறைக் கதவில் அவர் ஒரு தாள் ஒட்டினார். அந்த அறையில் இனி 'எடுத்தாச்சு' என்ற சொல் கிடையாது. 'நிப்பாட்டியாச்சு, பூட்டியாச்சு, சாவி கை வைக்கிறவர் கையில்' என்றுதான் சொல்லவேண்டும். சாவி என்று எழுதியதைச் சிவநேசன் வெட்டி யாழ்ப்பாண வழக்கில் திறப்பு என்று எழுத, நான் அதை வெட்டிச் சாவி என்று எழுத, நானா இரண்டையும் எழுதிவைத்தார். அன்றிலிருந்து யார் எங்கே 'எடுத்தாச்சு' என்றாலும் நாங்கள் மூவரும் ஒரே குரலில் "என்னத்த?" என்று கேட்போம். கன்டீனில் பால் எடுத்தாச்சு என்றாலும் கேட்போம். ஆட்களுக்கு எரிச்சல் வந்தது. எங்களுக்குச் சிரிப்பு.

நானா போன அன்றைக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. சிவநேசன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். கலகெதரையில் நானாவின் வீட்டு ஒழுங்கைக்குள் நாங்கள் நுழைந்தபோது, வாசலில் செருப்புகள் குறைவாகவே கிடந்தன. தொப்பி போட்ட ஒருவர் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "எடுத்தாச்சு" என்றார்.

"என்னத்த?" என்று கேட்டுவிட்டேன். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சிவநேசன் என் கையைப் பிடித்தார். "ராணி, இதுக்கு ரெண்டு அர்த்தம் இல்லை" என்றார். அங்கேயே, அந்த ஒழுங்கையிலேயே, எனக்கு அழுகை வந்தது.

அவருடைய டெஸ்டரை வைத்துக்கொள்ளும்படி மகள் கேட்டாள்; அது அவளிடமே இருக்கட்டும் என்றேன். நான் வைத்துக்கொள்வது வேறு. போன திங்கட்கிழமை பால் குழாயில் ஒரு டிரான்ஸ்மிட்டர் மாற்றவேண்டியிருந்தது. சிவநேசன் தொலைபேசியில் சொல்லாமல், படியிறங்கி நடந்தே வந்தார். "நிப்பாட்டினன், பூட்டினன், இந்தாங்கோ திறப்பு" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

அவரை நம்பினேன். முழுமனதோடு நம்பினேன். நம்பிவிட்டு, என் டெஸ்டரை எடுத்துக்கொண்டு முதலில் பிளக்குக்குப் போனேன்.