அன்னக்கொடியின் அசல் பிளாப்பி

“அசலத் தொடாதீங்கய்யா, நகல்ல வேலையப் பாருங்கன்னு எம்புட்டுத் தடவ சொல்றது?” தல்லாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடையின் மாடியில், தினமும் அன்னக்கொடி இப்படிப் புலம்பிக்கொண்டேதான் அசல் பிளாப்பிகள் இருக்கும் பீரோவைத் திறக்கிறாள்.

முப்பத்தைந்து வயது. கொண்டையில் பென்சில், இடுப்பில் பீரோச் சாவி. அங்கே புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். பேச்சிமுத்து வாக்கியப் பஞ்சாங்கம், மருது திருக்கணிதம். இரண்டிலும் நட்சத்திரம் முடியும் நேரம் முன்னே பின்னே இருக்கும். அதனால் ஒரே புரோகிராமை ஆளுக்கொரு பிளாப்பியில் நகலெடுத்துத் தனித்தனியே வளர்க்கிறார்கள். கட்டம் போடுவது மட்டும் பொது. அதை ஒருவன் திருத்தினால் அந்த வரிகள் மட்டும் அடுத்தவனுடையதிலும் சேர வேண்டும். யார், என்று, எந்த வரி என்று நோட்டில் எழுதியாக வேண்டும். கையால் கணித்த பத்துப் பழைய ஜாதகங்களைப் போட்டுப் பார்த்த பிறகே அன்னக்கொடி அந்தந்தப் பஞ்சாங்கத்தின் அசலில் ஏற்றுவாள். “அவனவன் கொழம்பு அவனவன் அடுப்புல கொதிக்கட்டும். நான் ருசி பாத்துட்டுத்தேன் பந்திக்கு” என்பாள்.

எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனையூர் மாப்பிள்ளை வீட்டில் ஜாதகம் கேட்டார்களே என்று போனேன். இரண்டு வீட்டிலும் வாக்கியம்தான். என் மகள் செல்லத்தாய்க்கு மகம். கடைத்தாளைப் படித்துப் பார்க்காமலே கொடுத்தனுப்பினேன், என் புத்தி. அதில் ஆயில்யம் என்று இருந்திருக்கிறது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று, மாப்பிள்ளையின் தாய் ரெங்கம்மாள் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மாடியேறிக் கத்தினேன். “ஏம்மா, எம்மக பொறந்த நட்சத்திரத்த ஒங்க மெஷினு மாத்திருமோ?”

அன்னக்கொடி வாதாடவில்லை. புரோகிராமின் பழைய தாளையும் புதிய தாளையும் தரையில் விரித்து, ஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்கினாள். ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். கட்டத்தைத் திருத்திய மருது, அதற்கான ஆறு வரியோடு தன் திருக்கணிதக் கணக்கையும் வாக்கியப் பிளாப்பியில் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

“அவசரம்னு பறந்தான். பத்தையும் போட்டுப் பாக்காம அசல்ல ஏத்துனது நாந்தேன்க்கா” என்றவள், போன வாரத் தேதியிட்ட நகலைப் போட்டுப் புதுத்தாள் அடித்தாள். மகம் வந்தது. தப்பைத் தானே சொல்லித் தாளைக் கொடுக்க ஆனையூருக்குப் புறப்பட்டாள்.

“மெஷினு தப்புப் பண்ணும்னு வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதேன். போனா அப்பிடியே போயிரு” என்றார் முதலாளி.

“போயிட்டு வாரேன்ணே” என்று பையை எடுத்தாள். என்னோடு பஸ் ஏறினாள்.

ரெங்கம்மாள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாளைக்கு இன்னொரு தாளோட வந்து நிக்க மாட்டியே?”

“தப்புன்னா வருவேன் மதினி. ஒளிக்க மாட்டேன்.”

ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வாரோம். அந்தக் கெட்ட தாளக் கிழிச்சுப் போடு.”

“கிழிச்சா எங்க சறுக்குனோம்னு எப்பிடித் தெரியும்?”

முதலாளி மூன்று நாள் விறைப்பாக இருந்தார். நான்காம் நாள் பீரோச் சாவி கேட்டு ஆளனுப்பினார். சாவியோடு அவளே போய் மறுபடி வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

தல்லாகுளம் பக்கம் போனால் ஒருமுறை மாடியேறி அவளைப் பாருங்கள். ஜாதகம் வேண்டாம் என்றாலும் போங்கள். கேட்டால் ஆயில்யத் தாளை உருவித் தருவாள். அடியில் தேதி போட்டு, ‘சோதிக்காமல் கொடுத்தது அன்னக்கொடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.