மேப்பில் மட்டும் இருந்த கடை

சோபாக்காவுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று உண்டு. அதை அவள் புருஷனே மறந்துவிட்டான். ஊருக்கெல்லாம் அவள் சோபாக்காதான். கிழிந்த சோபா, அமுங்கிய சோபா, நாய் கடித்த சோபா, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து உடைத்த சோபா, எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் ஆளையே மாற்றி அனுப்புவாள். வேலையில் புலி. வாய் அதைவிடப் பெரிய புலி.

ஆரம்பத்தில் ஒரு பஸ் பட்டறையில் சீட் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையை மூடியதும் தன்னோடு சீட் தைத்த மெஷினம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, ஒரு குறுக்குச் சந்தின் கடைசியில் அறை பிடித்தாள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. அதற்குள் சோபா கடை போடுகிறவளைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. சந்துமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மூன்று பேர் உட்காரும் சோபாவைப் புருஷன்காரன் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவான். தூரத்திலிருந்து பார்த்தால் சோபாவே நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

முதல் சில மாதம் ஈ ஓட்டினார்கள். ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் மகள்தான் ஒருநாள் போனை எடுத்து, கடை இருக்கிற இடத்தை மேப்பில் ஏற்றிவிட்டாள். அதற்கு மேப் கம்பெனி காசு கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. கிழிந்த சோபா ஒரு படம், தைத்த பிறகு அதே சோபா ஒரு படம். "சோபாக்கா சோபா வேலை" என்று பேர். அவ்வளவுதான். ஊரின் மறுகோடியிலிருந்து போன் வந்தது. அப்புறம் ஓயவில்லை.

பெரிய பெரிய கம்பெனிக்காரர்களைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். மெயின் ரோட்டில் கண்ணாடி வைத்துக் கடை கட்டியவனுக்குக் கிடைக்கிற வாசலை, சந்துக்குள் கிடந்தவளுக்கும் திறந்துவிட்டது அந்த மேப்தான். விளம்பரத்தையும் சோபாக்கா தனக்குத் தோதாகவே புரிந்துவைத்திருந்தாள். புது சோபா ஒன்றைப் போனில் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், அது ஆளை விடாது. செய்தி படித்தால் அங்கே நிற்கும், பாட்டுக் கேட்டால் அங்கே நிற்கும்.

"பாத்ரூம்ல போன எடுத்தாகூட அந்த மஞ்ச சோபா வந்து நிக்குதுக்கா" என்று ஒரு வாடிக்கைக்காரர் புலம்பினார்.

"நிக்கட்டும். அதப் பாத்ததுக்கு அப்பறம் உங்க வீட்டு சோபாவப் பாத்தா எப்படி இருந்துச்சு?"

"அசிங்கமா இருந்துச்சு."

"அதனாலதான என்கிட்ட வந்தீங்க! பெரிய கடைக்காரங்க கைக்காசப் போட்டு உங்களுக்கு ஆசையக் கெளப்பி விடுறாங்க. நான் பாதி வெலைல தீத்து வைக்கிறேன். எனக்கு அவங்கதான் விளம்பரம்."

இப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவள்தான், ஒரு இடத்தில் சறுக்கினாள்.

மேப்பில் கடைக்குக் கீழே வாடிக்கைக்காரர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுவார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் வருவான். ஆனால் நம் ஜனங்களுக்கு வேலை முடிந்ததும் கை எழாது. "வீட்டுக்குப் போயி கண்டிப்பா போடுறேன்க்கா" என்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். பார்த்தாள் சோபாக்கா. கடையில் ஒரு பழைய டேப்லெட் இருந்தது. வருகிறவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, அவருடைய மெயில் கணக்கை அதிலேயே திறக்கச் சொல்லி, "ம், சொல்லுங்க" என்று தானே ஒற்றை விரலால் தட்டுவாள்.

இதில் ஒரு நியாயமும் வைத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி தட்டுவாள். "வேலை சுத்தம். சொன்ன நாளில் தரவில்லை" என்று ஒருவர் சொல்ல, அதையும் எழுத்துக்கு எழுத்து ஏற்றினாள். "பேச்சைக் குறைத்தால் அஞ்சு நட்சத்திரம் கொடுக்கலாம்" என்று இன்னொரு அம்மா சொன்னதையும் ஏற்றினாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உன்னத் திட்டுறத நீயே டைப் பண்ணுவியா?"

"பின்ன? கேட்டது நான். சொன்னது அவங்க. நடுவுல நான் யாருடி மாத்துறதுக்கு?"

இந்த நேர்மையெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான ஆட்கள், ஆனால் ஒரே டேப்லெட், ஒரே இடம். கள்ளக் கருத்து என்று முடிவு கட்டி, கருத்துகளையும் கடையையும் சேர்த்து மேப்பிலிருந்து தூக்கிவிட்டது.

அன்று காலையிலிருந்து போன் அடிக்கவில்லை. சோபாக்கா அதைத் தட்டிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். புருஷனைச் சந்துமுனைக்கு அனுப்பி அங்கிருந்து கூப்பிடச் சொன்னாள். நன்றாகவே அடித்தது. சாயங்காலம் மகள் வந்து தேடிப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் காட்டினாள். சோபாக்கா என்று தேடினால், மெயின் ரோட்டுப் பெரிய கடையின் விளம்பரம் பல்லைக் காட்டியது. அவள் கடை இருந்த இடத்தில் வெறும் சந்து.

கடை வாடகையைக்கூட அவள் நினைக்கவில்லை. நினைத்தது மெஷினம்மாவை. அந்தப் பெரிய கடைக்காரர்கள் மெஷினம்மாவைத் தங்கள் பட்டறைக்கு அழைத்து வெகுநாளாகிறது. அவள் போகாமல் இருந்தாள். இப்போது தைக்க ஒன்றுமில்லாமல் ஒரு வாரம் மெஷின்மேல் துணி மூடிக் கிடந்ததும், அவளே வாயைத் திறந்தாள்.

"தப்பா நெனைக்காதக்கா. ஒன்னாம் தேதி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்."

"போறேன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல. ஆனா வீட்ல ரெண்டு பேரு படிக்குதுங்கக்கா. மெஷினப் பாத்துக்கிட்டே எத்தன நாளு உக்காந்திருக்கிறது?"

மெஷினம்மாவின் தைப்பு இல்லாமல் அந்தக் கடை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சோபாக்கா வெட்டுவாள், அடிப்பாள், இழுத்துக் கட்டுவாள். மூலை மடிப்பில் தையல் தெரியாமல் தைக்கிற கை மெஷினம்மாவுடையது.

செய்தி எப்படிப் போனதோ, ஒரு ஏஜெண்ட் போன் செய்தான். கடையை வேறு பேரில் புதிதாக ஏற்றித் தருவானாம்.

"நூறு கருத்து மேடம். நூறும் அஞ்சு ஸ்டார். ரெண்டே நாள்ல ஏத்திரலாம்."

"அந்த நூறு பேரோட சோபா எங்கப்பா இருக்கு?"

"சோபாவெல்லாம் எதுக்கு மேடம்?"

"சோபா இல்லாம எதப் பாத்து எழுதுவாங்க? உன் மூஞ்சியப் பாத்தா?" என்று வைத்துவிட்டாள்.

புருஷனுக்குக் கொஞ்சம் சபலம்தான். "எல்லாரும் பண்றாங்கன்னு சொல்றாங்களே" என்று இழுத்தான்.

"நாமளும் வாங்குற எடத்துல கருத்தப் பாத்துத்தான வாங்குறோம்? போன மாசம் ஸ்பிரிங் வாங்குனியே, அதுக்குக் கீழ எழுதுனவன் எல்லாம் இந்தப் பயகிட்ட காசு வாங்குனவன்னா, நீ எந்தக் கொம்பன நம்பி வாங்குவ? நம்ம கடையத் தூக்குனது தப்புதான். ஆனா தூக்குற ஆளு ஒருத்தன் இருக்கணும்யா."

தன் கடையைத் தூக்கியவனுக்கே வக்காலத்து வாங்குகிற பெண்ணை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்!

மறுபரிசீலனை கேட்டு எழுதலாம் என்று மகள் கண்டுபிடித்தாள். "டேப்லெட் கதையச் சொல்லாதம்மா. அவங்கவங்க போன்ல போட்டதுன்னு எழுதிரலாம்" என்றாள். சோபாக்கா ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாள். தப்பு என்று தெரியாமல் செய்தேன், இனி செய்யமாட்டேன், திட்டு வாங்கியதையும் நானேதான் தட்டினேன், வேண்டுமானால் படித்துப் பாருங்கள் என்று. படித்தது மனுஷனோ மெஷினோ, பதில் வந்தது. கடை நிஜமாக இருக்கிறது என்று ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். தெருவிலிருந்து தொடங்கி, கடை வாசல், பேர், பூட்டைத் திறப்பது, உள்ளே வேலைச் சாமான், எல்லாம் ஒரே மூச்சில். நடுவில் நிறுத்தி ஒட்டக்கூடாது.

புருஷன் போனைப் பிடித்தான். சோபாக்கா சந்துமுனையிலிருந்து ராணி மாதிரி நடந்து வந்து, பூட்டைத் திறந்து, ஸ்டேப்லர் துப்பாக்கி, ரெக்சின் சுருள், ஃபோம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பிரசங்கமே செய்தாள். அனுப்பினார்கள். திரும்பி வந்தது. கடையின் பேர் காணவில்லையாம்.

"என்னது, பேர் காணலியா? கண்ணு அவிஞ்சு போச்சா அவங்களுக்கு?" என்று வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

பலகையில் கொட்டை எழுத்தில் "ஜெராக்ஸ் – லேமினேஷன்" என்று இருந்தது.

முன்பு அந்த அறையில் இருந்தவன் விட்டுப்போன பலகை. எட்டு வருஷமாக அதன் கீழே நுழைந்து வெளியே வந்திருக்கிறார்கள். எப்போதாவது காகிதத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்து "ஒரு காப்பி எடுக்கணும்" என்பார். "அடுத்த தெரு" என்று கைகாட்டிவிட்டு ஆணியைப் பிடுங்குவாள். பலகையை மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. தோன்றவேண்டிய அவசியமும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள். யார் தலையைத் தூக்கினார்கள்?

புருஷன் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழப்பார்த்தது. "கம்பெனிக்காரனைச் சொல்லிக் குத்தமில்லடி. அவனுக்கு நாம ஜெராக்ஸ் கடையத்தான் காட்டியிருக்கோம்."

சோபாக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெயிண்டரைத் தேடிப் போகவில்லை. பலகையைக் கழற்றிக் கீழே போட்டு, மேலே ஃபோம் விரித்து, சிவப்பு ரெக்சினை இழுத்துக் கட்டினாள். எழுத்துகளை வெட்டிப் பஞ்சு அடைத்துத் தைக்க வேண்டும். அதற்கு ஆள் ஒன்றே ஒன்றுதான். மெஷினம்மாவைக் கூப்பிட்டாள்.

"வேற எடத்துக்குப் போறவளக் கூப்பிட்டு வேல வாங்குற பாத்தியா" என்றாள் மெஷினம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"போறதுக்கு முன்னாடி நல்ல காரியம் பண்ணிட்டுப் போ. 'சோ'வுக்குப் பஞ்சு கொஞ்சம் தாராளமா வை. பேருக்கேத்த மாதிரி புசுபுசுன்னு இருக்கணும்."

"உன்ன மாதிரியா?"

"இருக்கட்டும், பாக்குறவன் வந்து உக்காரணும்னு நெனைக்கணும்ல."

பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டே தைத்தார்கள். மாட்டிவிட்டுப் பார்த்தால், எழுத்தெல்லாம் மெத்தை மாதிரி உப்பி நின்றது. சந்தில் போகிறவர்கள் எக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் வந்தார்.

"ஏம்மா, நீங்க சோபா வேலையா பண்றீங்க? நான் ஏதோ சோபா குடோன்னு நெனச்சேன்."

"எட்டு வருஷமா எதிர்ல இருக்கீங்களே சார்!"

"ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மேப்ல போட்டிருந்தேனே."

"எதிர்க்கடைய யாராவது மேப்ல தேடுவாங்களாம்மா?"

ஊரின் மறுகோடிக்குக் கடையைக் காட்டத் தெரிந்தவள், நாலடி தூரத்துக்குக் காட்ட மறந்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிகள் ஆறும் அன்றே இந்தப் பக்கம் வந்தன.

இரண்டாவது வீடியோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையின் கீழே நின்று, மேலே கையைக் காட்டிவிட்டு, பூட்டைத் திறந்தாள். அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். நாற்காலிகளும் முடிந்துபோயின. மெஷினம்மா தன் கத்தரிக்கோலையும் சீப்பையும் பையில் எடுத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்று போனாள். மாசத்தின் கடைசி நாள் அது.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போகிற வழியில் போன் செய்து கத்தினாள். கடை மேப்புக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மொட்டையாக. ஒரு நட்சத்திரம் இல்லை, ஒரு வரி இல்லை. எட்டு வருஷப் பேச்சு அத்தனையும் போனது போனதுதான். மேலே பெரிய கடையின் விளம்பரம், அதற்கும் கீழே எங்கேயோ இவள்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"சோபாக்காவா? மேப்ல பாத்தேன். ஒருத்தர்கூட ஒண்ணும் எழுதலையே, எப்படி நம்பி வர்றது?" என்றது ஒரு பெண் குரல்.

வேறு யாராக இருந்தாலும் கதையை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். சோபாக்கா, "நம்பாதீங்கம்மா" என்றாள். "வந்து பாருங்க. எதிர்க்கடைல ஆறு நாற்காலி தச்சுக் குடுத்திருக்கேன். அங்க போயி உக்காந்து பாத்துட்டு, அந்த சாரக் கேட்டுட்டு, பிடிச்சிருந்தா இந்தப் பக்கம் வாங்க."

அந்தப் பெண் வந்தாள். கண்ணாடிக் கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இந்தப் பக்கம் வந்து, சோபா செட் ஒன்று, சாப்பாட்டு மேசை நாற்காலி எட்டு என்று சொல்ல ஆரம்பித்தாள். சோபாக்கா ஒரு கையால் அளவு நாடாவைப் பிரித்தபடி, இன்னொரு கையால் மெஷினம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கடி இருக்க?"

"பஸ் ஸ்டாப்ல. மேனேஜர் மத்தியானம் வரச் சொன்னாரு, அந்தக் கடைக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்."

"பஸ் வந்துருச்சா?"

"வந்துக்கிட்டு இருக்கு. ஏன்க்கா?"

"மூல மடிப்பு உள்ள சோபா ஒண்ணு வந்திருக்கு. நான் தச்சா நாசமாப் போயிரும்."

"அந்த மேனேஜர்கிட்ட என்னக்கா சொல்றது?"

"வேலை கெடச்சிருச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, சோபாக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரெக்சின் சுருளை அளக்கக் குனிந்தாள்.