ரெட்டைச் சடையும் வலது தோளும்

காலையில் பள்ளி அணிக்கும் மாலையில் கிளப் அணிக்கும் பேஸ்பாலில் பந்தை எறிவது நான்தான். இரண்டிலும் வேறு பிட்சர் கிடையாது. தோள் வலித்ததைப் பயிற்சி தரும் இரண்டு சார்களிடமும் மறைத்தேன். சொன்னால் மாநில அணித் தேர்வுக்கு அனுப்ப மாட்டார்களே!

பெரிய தொல்லை, பள்ளியில் கட்டாயமான ரெட்டைச் சடைதான். கையைப் பின்னால் தூக்கி வகிடெடுத்துப் பின்ன முடியவில்லை. முடியை முன்னால் இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடையோடு போய்த் திட்டு வாங்கினேன்.

தேர்வன்று, என் பந்தைப் பிடிக்க வேண்டிய எங்கள் பள்ளி கேட்சர், மேலப்பாளையம் நிஷா, திடீரென்று கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏட்டி, என்ன செய்யுத? எந்திரி!”

“மாட்டேன். சடை பின்ன முடியாத கை, பந்து மட்டும் எறியுமாக்கும்?”

“எனக்கு ஒண்ணும் வலிக்கல.”

“பொய் சொல்லாதட்டி. உன் பந்தைப் பிடிக்கது நாந்தானே? வலிக்கலன்னா அந்தக் கையால பையப் பைய உன் தொப்பியக் கழத்து, பாப்போம்.”

எல்லோரும் பார்த்தார்கள். வேகமாக வீசிப் பழகிய கை, மெதுவாகத் தூக்கியபோது காதருகே வந்ததும் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. பள்ளி சார் என்னை மைதானத்தை விட்டு வெளியே வரச் சொன்னார். ஆத்திரத்தில் அழுதேன்.

இரண்டு அணிக்கும் ஒரே தோள் உழைத்ததுதான் காரணம் என்றார் டாக்டர். இப்போது பந்தைத் தொடக்கூடாது. சும்மா உட்கார எனக்குத் தெரியவே இல்லை. நானே ஒப்புக்கொள்ளாததை எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டாளே என்ற எரிச்சலும் தீரவில்லை.

ஆனாலும் தினமும் பள்ளி மணி அடிப்பதற்குள் நிஷாவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். வலிக்க வலிக்க இழுத்துத்தான் ரெட்டைச் சடை பின்னுகிறாள். நான் தலையை மட்டும் ஆட்டாமல் வைத்துக்கொள்கிறேன்.