மதிப்பு என்னவென்று எஸ்தரிடம் கேட்டோம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில், டீ குடிக்க எழுந்த நேரத்தில் வாட்ச்மேன் வந்து சொன்னார்: "எஸ்தரம்மா பூட்டாங்களாம்." மஞ்சள் காமாலையில் சில வாரங்களாகவே படுத்திருந்தார். ஆனாலும் நாங்கள் யாரும் இந்தச் சாவை எதிர்பார்க்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு லைனில் போய் உட்கார்ந்தோம்.

மண்ணூருக்குப் பக்கத்தில் சுவிட்ச் செய்யும் எங்கள் கம்பெனியில் எஸ்தரும் நானும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். குன்றத்தூரில் அவர் வீட்டு முன்னறையில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அவரை அறிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழெட்டுப் பெண்கள் அங்கே கூடி அவரிடம் மார்க்சியம் படித்தோம். முதல் பாடமே சரக்கு. என் மகளுக்கு நான் தைத்த கவுனைக் காட்டி, இது சரக்கா என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"இல்ல. உன் உழைப்பு கீது, போட்டுக்கப் பயனும் கீது. ஆனா விக்கறதுக்குன்னு நீ தைக்கல. நாம பண்ற சுவிட்சு அப்படியா? வூட்டுல கரண்டே இல்லாதவங்ககூட நாள் முழுக்க சுவிட்சு பண்ணிகினு கீறோம்!"

எல்லோரும் சிரித்தோம். எங்களில் இரண்டு பேர் வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை.

எங்கள் லைனில் இருந்த லட்சுமி கேள்வி கேட்ட நாளில் யாரும் சிரிக்கவில்லை. பிரஸ் மிஷினில் ஆள்காட்டி விரலைப் பாதி இழந்து, ஆறி, அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"அக்கா, போட்ட உழைப்புதான் மதிப்புன்றீங்க. மத்தவங்க ரெண்டு சுவிட்சு பண்ற நேரத்துல நான் ஒண்ணுதான் பண்றேன். அப்போ என்னுதுக்கு டபுள் மதிப்பா?"

எஸ்தர் சொன்னார்: "இல்ல லட்சுமி. சாதாரணமா ஒருத்தருக்கு எவ்ளோ நேரம் ஆவுமோ, அதான் கணக்கு. உன்னுதுக்கும் அதே மதிப்புதான்."

"அப்போ என் மீதி நேரம் எங்க போச்சு?"

"சந்தையில அதுக்குக் கணக்கு இல்ல."

லட்சுமி எழுந்து போய்விட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எஸ்தரைக் கடிந்துகொண்டேன்.

"பொய் சொல்லி அனுப்பணுமா? நாளைக்கு மேனேஜர் இதையேதான் சொல்வாரு. மொதல்ல நம்ம வாயால கேட்டுக்கட்டும்."

மேனேஜர் சொல்லத்தான் செய்தார். டார்கெட்டைக் கூட்டினார்கள், எட்ட முடியாதவர்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார்கள். மறுநாள் காலையிலேயே எஸ்தர் என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், அந்த விரலு இந்தக் கம்பெனி மிஷின்ல போனது."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? சுவிட்ச் வாங்கறவன், யார் விரல் பண்ணுச்சுன்னா பார்க்கறான்?"

"அவன் பார்க்க மாட்டான் சார். பக்கத்துல உக்காந்துகினு கீறோமே, நாங்க பார்க்கறோம்."

அன்றிலிருந்து நாங்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தோம்; லைன் முழுவதும் லட்சுமியின் வேகத்தில்தான் ஓடியது. இரண்டு பேர் மட்டும் சேரவில்லை. அவர்களை நாங்கள் ஏசியபோது எஸ்தர் தடுத்தார். "வுடுங்க. அவங்க வூட்டு நெலம அவங்களுக்குத்தான் தெரியும்." நாங்கள் பயந்தோம்; ஆனால் யாரையும் வெளியே அனுப்பவில்லை. வாரம் திரும்புவதற்குள் லட்சுமியை அதே சம்பளத்தில் பேக்கிங்கிற்கு மாற்றினார்கள். எஸ்தருக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. எஸ்தரை ஸ்டோரில் தனியாக உட்கார வைத்தார்கள். வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்காதா? ஆனா சூப்பர்வைசர் ஆயிருந்தா அந்த டார்கெட்ட நான்தான் வெரட்டி வாங்கணும். தப்பிச்சேன்."

புதன்கிழமை கல்லறைக்கு லட்சுமி வந்திருந்தாள். அன்று எங்களோடு சேராத அந்த இருவரும் வந்து கடைசிவரை நின்றார்கள்.

மதிப்பைப் பற்றிய பாடத்தில் பாதி எனக்கு இன்னும் குழப்பம்தான். இனி கேட்டுத் தெளியவும் ஆள் இல்லை. எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: கசப்பான உண்மையை ஒருத்தியிடம் சொல்லிவிட்டால், அதோடு அவளைத் தனியாக விட்டுவிடக் கூடாது.