நான் மறைத்த இரண்டு கரண்டி நெய்

நாலு வருடத்துக்கு முந்தைய டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். மாடிப்பகுதியை வாடகைக்கு விட்டிருந்தோம். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் இன்றைக்கும் நான் டீச்சர்தான்.

மாடியில் குடியிருந்தது மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் துபாயில் வேலை பார்த்தார். ஆறு வயதில் ஒரே மகள். அந்தக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே பால் ஆகாது. பால் மட்டுமில்லை, தயிர், மோர், வெண்ணெய், நெய், பால்பவுடர் கலந்த பிஸ்கட் எதுவுமே கூடாது. ஒரு தடவை கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தார்களாம். குடி வந்த அன்றைக்கே இதை என்னிடம் சொல்லிவிட்டாள்.

அதனால் அவள் வீட்டுச் சமையலே வேறு மாதிரி இருந்தது. பாயசம் என்றால் தேங்காய்ப்பாலில். குருமாவுக்கு முந்திரி அரைத்து ஊற்றுவாள். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, காய்ச்சி, ஆறியதும் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைப்பாள். மறுநாள் காலையில் அது தயிராக உறைந்திருக்கும். முட்டை, மீன்கூட குழந்தைக்கு ஒத்துவருமோ வராதோ என்ற பயத்தில், அந்த வீட்டில் பெரும்பாலும் காய்கறிதான். எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து தருவாள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் வாய்விட்டு ஒரு நாளும் பாராட்டியதில்லை. 'நெய் இல்லாமல் என்ன இனிப்பு' என்று எனக்குள் ஒரு இளக்காரம். எங்கள் சொந்தத்தில் சமையல் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருடம் டிசம்பர் பிறந்ததுமே குழந்தை என்னிடம் வந்து கேட்டாள். "டீச்சர் பெரியம்மா, கிறிஸ்துமஸ் பலகாரம் எனக்கும் உண்டா? ஸ்கூல்ல யார் தந்தாலும் உம்மா வாங்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு."

எனக்கு மனசு இளகிவிட்டது. அன்றைக்கே மாடிக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். முதலூர்ப் பக்கம் தேங்காய்ப்பாலில் மஸ்கோத் அல்வா செய்வார்கள்; என் அம்மா அந்தப் பக்கத்துக்காரி; அதில் ஒரு சொட்டுப் பாலோ நெய்யோ கிடையாது; இந்த வருடம் குழந்தைக்காக அதையே செய்கிறேன் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். என் சட்டியையும் கரண்டியையும் தரட்டுமா? உங்க சட்டில முந்தி நெய் புழங்கியிருக்கும்லா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் தேய்ச்சுக் கழுவாமலா செய்வேன்? என்னை நம்பு தாயி" என்றேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

சொன்னபடியே, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது மைதாவைப் பிசைந்து ஊறவைத்து, கரைத்து மாவுப்பால் எடுத்துத் தெளியவைத்தேன். மறுநாள் காலையில் ஐந்து தேங்காய் துருவிப் பிழிந்தேன். என் கணவர் ஸ்ரீவைகுண்டத்தில் அவருடைய தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தனியாக நின்று இரண்டரை மணி நேரம் கிண்டினேன். தேங்காய்ப்பாலில் இருந்தே எண்ணெய் பிரிந்து, அல்வா கண்ணாடி மாதிரி மினுங்கி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தது. அப்போதே இறக்கியிருக்க வேண்டும்.

ஒரு துளி வாயில் போட்டுப் பார்த்தேன். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு வாசம் போதவில்லை. கிறிஸ்துமஸுக்கு டவுணில் இருந்து என் நாத்தனார் வருவாள். அல்வாக் கடைத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். "என்ன மைனி, நெய் வாசமே காணோம்" என்று எல்லோர் முன்னாலும் அவள் சொல்வது இப்போதே காதில் கேட்டது. குழந்தைக்குத் தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டு மீதியில் நெய் சேர்த்திருக்கலாம். அந்தப் புத்தியும் வந்தது. ஆனால் கை வலித்தது. சூட்டோடு பிரித்து இரண்டு தரம் கிண்டச் சோம்பல். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒவ்வாமையை நான் முழுசாக நம்பவே இல்லை. இத்தனை வருடத்தில் அது ஆகாது, இது ஆகாது என்று சொன்ன எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! 'இவ்வளவு பெரிய சட்டியில் இரண்டு கரண்டி எந்த மூலைக்கு?' என்று நினைத்தேன். வீட்டில் வெண்ணெய் உருக்கி வைத்திருந்த நெய் பாட்டிலின் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து ஊற்றினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு இருவரையும் கீழே கூப்பிட்டேன். குழந்தை சோபாவில் உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டாள். "உம்மா, இது ஸ்கூல்ல பிள்ளைங்க திங்கிற மாதிரியே இருக்கு" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கழுத்தைச் சொறிந்தாள். அப்புறம் காதுமடலை. இரண்டு தரம் இருமினாள். அவள் அம்மா சட்டென்று நிமிர்ந்து குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உதடு தடிக்க ஆரம்பித்திருந்தது.

"டீச்சர், இதுல பாலு, நெய்யி ஏதாவது சேந்துருக்கா?"

அவள் குரலில் கோபமே இல்லை. கேள்விதான். என் வாயில் இருந்து உடனே வந்த பதில், "இல்லவே இல்லம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வெட்கம் என்னை முந்திக்கொண்டது.

அவள் நம்பிவிட்டாள். பால் உள்ளே போய் மூச்சுத் தொந்தரவு வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றுதான் டாக்டர் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் நான்தான் பால் இல்லை என்று சொல்லிவிட்டேனே. "ரெண்டு நாளா சளி வேற இருந்துச்சு, அதுவா இருக்கும்" என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டு, மாடிக்கு ஓடி, அரிப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கொண்டுவந்து ஊற்றினாள். குழந்தை அதை வாந்தி எடுத்தாள். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் கேட்டது. நான் டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

அவள் துபாய்க்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கணவர் என்ன கேட்டாரோ, இவள் சொன்ன பதில்தான் என் காதில் விழுந்தது.

"இல்லங்க, நெய் இல்லையாம். நான் கேட்டுட்டேன். டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "போட்டேன் தாயி. ரெண்டு கரண்டி நெய் போட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். போனை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்காரர் குழந்தையின் முகத்தைப் பார்த்ததுமே வண்டியை எடுத்துவிட்டார். பண்டிகைக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, வழி விடுங்க! பிள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று கத்திக்கொண்டே போனார். ஒரு ஆள் தன் பைக்கை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைக் கையால் மறித்து எங்களுக்கு வழி விட்டார். குழந்தையின் உதட்டோரம் நீலம் பூத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தர், பெண்தான், ஓடி வந்தார். "என்ன சாப்பிட்டா? எப்ப?" என்று கேட்டார். அவள் அம்மா குழந்தையைக் கட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். "பால் ஆகாத பிள்ளை டாக்டர். நான் நெய் கலந்த அல்வாவைக் கொடுத்துட்டேன். கேட்டதுக்கு இல்லன்னு பொய் சொன்னேன். அதுல ஒரு இருபது நிமிஷம் போயிருச்சு." டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொடையில் ஊசி போட்டார். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஓதிக்கொண்டிருந்தாள். நானும் ஜெபிக்கப் பார்த்தேன். வரவில்லை. என்ன முகத்தோடு ஆண்டவரைக் கூப்பிடுவது?

அரைமணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "மூச்சு சீராயிருச்சு. இன்னைக்கும் நாளைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகுதான் என்னிடம் சொன்னார்: வீட்டில் உருக்கும் நெய்யில் பாலின் கசடு அடியில் தங்கும், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். நான் சுரண்டி ஊற்றியது அந்த அடிக்கசடைத்தான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன். அவள் அழவில்லை.

"நெய் போட்டத நான் மறந்துருவேன் டீச்சர். வெளங்காம செஞ்சிட்டீங்க, அவ்ளோதான். ஆனா நான் கேட்டேம்லா... பிள்ள மொகத்த வச்சுக்கிட்டுக் கேட்டேம்லா. அப்ப இல்லன்னீங்களே, அத என்ன செய்யன்னுதான் எனக்குத் தெரியல."

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரமே கிடையாது. அல்வாவை அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன். நாத்தனார் வந்தபோது நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாடிக்காரர்கள் காலி பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஆனால் என் வாசலைத் தாண்டும்போது அவள் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும். நானாகப் போய்ப் பேசவில்லை. மன்னித்துவிடு என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒரு தொந்தரவுதானே.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலையில் இருந்து மாடியில் பாத்திரச் சத்தமே இல்லை. குழந்தை பள்ளிக்கூடமும் போகவில்லை. பதினொரு மணிக்கு மேல் மனசு கேட்காமல் ஏறிப்போனேன். அவள் கடுங்காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் குழந்தை வெறும் அவலை மென்றுகொண்டிருந்தது. காய்ச்சலில் கிடந்தவளுக்குத் தாயார் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அக்காவும் வெளிநாட்டில். கூப்பிட யாரும் இல்லை.

"நான் சமைக்கட்டுமா?" என்று வாசலில் நின்றே கேட்டேன்.

"கீழ வேண்டாம் டீச்சர். இங்கன, என் கண்ணு முன்னால செய்ங்க" என்றாள்.

அவளுடைய அடுப்பங்கரையில், அவளுடைய சட்டியில் சமைத்தேன். கட்டிலில் படுத்தபடி கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். "இது பாசிப்பருப்பு. இது ரெண்டாம் தேங்காய்ப்பால். இப்ப உப்பு போடுதேன்." பாக்கெட்டில் இருந்த பொடி என்றால், மேலே அச்சடித்திருந்ததை முழுக்க வாசித்துக் காட்டினேன். மாணவி டீச்சரிடம் பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. எனக்கு அது அவமானமாகப் படவில்லை. முதல் நாள் நான் வைத்த சொதியை அவளே ஒரு வாய் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னாள். இரண்டாம் நாள் கடலைத் தயிருக்குக் காம்பு எத்தனை போடுவது என்று அவளிடமே கேட்டுப் போட்டேன். மூன்றாம் நாள் குழந்தை இனிப்பு கேட்டாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவளே, "தினை இருக்கு டீச்சர். வெல்லம் போட்டுத் தேங்காய்ப்பால்ல காய்ச்சுங்க" என்றாள். கடைசியில் நல்லெண்ணெயில் நாலு முந்திரியை வறுத்துக் கொட்டினேன். என் வாழ்நாளில் அத்தனை ருசியாக ஒரு பாயசம் நான் வைத்ததில்லை.

நாலாவது நாள். வழக்கம் போலச் சொல்லிக்கொண்டே சமைத்தேன். "இப்ப சீரகம்... இப்ப நல்லமிளகு..." பதில் எதுவும் வராததால் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, நன்றாகத் தூங்கிப் போயிருந்தாள். குழந்தை தட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

நான் பைய அடுப்பைத் தணித்துவிட்டு, அவள் தூக்கம் கலையாமல், மீதிச் சாமான்களின் பெயரையும் முணுமுணுப்பாகச் சொல்லியே போட்டு முடித்தேன்.

அந்தக் குடும்பம் இப்போது துபாய்க்கே போய்விட்டது. குழந்தை வளர்ந்து, போனில் பேசும்போது என்னிடம் சமையல் பக்குவம் கேட்கிறாள். அன்றைக்கு அவள் அம்மா என்னை மன்னித்தாளா, காய்ச்சல் அசதியில்தான் கண் அயர்ந்தாளா என்று நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையின் சாப்பாட்டை என் கையில் விட்டுவிட்டுத் தூங்கினாள் என்பதை நினைத்தால், அடுப்பு முன் நிற்கும்போது இன்றும் என் கை பயந்து பயந்துதான் வேலை செய்கிறது, அந்தப் பயம் எனக்கு இருக்க வேண்டியதுதான்.