எலிக்கு நின்ற நடுக்கம்

அப்பாவும் அம்மாவும் மடுல்கெல்லையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். அது முடிந்ததும் பேராதனையில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்தார்கள். அப்பா கதிரையில் உட்கார்ந்து வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். வெளியே எடுத்தால் ஆடத் தொடங்கிவிடும். தேயிலைத் தோட்டத்தில் செடிகளை வெட்டிவிடக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, இப்போது சோற்றை வாய்வரை கொண்டுபோக மறுக்கிறது.

"அந்த எலி மருந்து எப்ப வருதாம்?" என்றார்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருடைய போனிலும் சுற்றிய வீடியோ அது. நடுங்கிக்கொண்டிருந்த எலி, மருந்துக்குப் பிறகு நேராக நடக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான், அதுவும் மூளையைப் பற்றிப் படிக்கிறவன். என்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்?

என் ஆராய்ச்சியும் அதைச் சுற்றித்தான். எலி, பன்றி, குரங்கு, மனிதன் என்று எல்லா மூளைகளிலும் ஒரே பகுதியை எடுத்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிடுவேன். மூளையை நான் தொட்டதில்லை. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் பொதுவில் வைத்த தரவுகளைக் கணினியில் பார்ப்பதுதான். அந்த மருந்து குறிவைக்கும் மரபணுவை முந்தின வாரமே தேடிப் பார்த்திருந்தேன். வீட்டுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். "கட்டம் கடும் சிவப்பா இருந்தா அந்த மரபணு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ப்பா. அத புடிச்சுத்தான் மருந்து வேலை செய்யணும்."

எலிக் கட்டம் கடும் சிவப்பு. பன்றி கொஞ்சம் வெளிறல், குரங்கு இன்னும் வெளிறல். மனிதக் கட்டம் கிட்டத்தட்ட வெள்ளை.

"அப்ப நமக்கு?"

"நம்ம மூளையில அந்த எடத்துல அது இல்லாத மாதிரிதான். இத மட்டும் வச்சு முடிவா சொல்ல ஏலாது. ஆனா..."

"பாத்தியாடி," என்று அப்பா அம்மாவிடம் திரும்பிச் சிரித்தார். "பன்னிக்குக்கூட இருக்காம். நமக்கில்ல."

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

"நீ சரியாத்தான் பாத்தியா? ஓ லெவல் பரீட்சையில கணக்குக்கு ஒனக்குத் தப்பா ரிசல்ட் வந்துச்சுல்ல? திருப்பித் திருத்தச் சொல்லி ரீகரெக்ஷன் போட்டுத்தானே மார்க் கூடிச்சு. இதையும் போடு."

இது பரீட்சை இல்லை, யாரும் புள்ளியைக் கூட்டாமல் விட்டுவிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எப்போதோ வெளியே வந்து கதிரையின் பிடியில் தட்டிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

"சரிப்பா, போடுறேன்."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். அதே தரவு, அதே கணக்கு. வேறு விடை எங்கிருந்து வரும்?

"பஸ்ஸு போயிருங்க," என்றார் அம்மா.

"போகட்டும். ரிசல்ட் வரட்டும்."

ஒவ்வொரு கட்டமாக நிறம் ஏறத் தொடங்கியது. எலி சிவந்தது. பிறகு பன்றி.

"வருது, வருது," என்று அப்பா கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார்.