மணலைக் கழுவச் சொன்னவன் நான்

மூன்று பக்கமும் பவளப்பாறை முருகைக்கல்லால் மதில். சமைக்கத் தகரக் கூரை போட்ட குசினி. குளித்த தண்ணீர் வாழைக்கு ஓட ஒரு வாய்க்கால். கூரைத் தண்ணீர் ஓடி இறங்க, பனையைப் பிளந்து கோதி எடுத்த பீலி. நூற்றைம்பது குடம் கொள்ளும் மழைத்தண்ணீர்த் தொட்டி. நெடுந்தீவில், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், மேசனும் இல்லாமல் தச்சனும் இல்லாமல் இந்த இரண்டு கையாலும் கட்டியவை இவை. 'உன்னாலை ஏலாது' என்று சொல்லாத ஆள் ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

அடுத்த வளவு என் சகலனுடையது. மனைவியின் அக்காவைக் கட்டியவர். கொழும்பில் கடை வைத்து உழைத்து ஓட்டு வீடு கட்டினார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் சவர். நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். மழையோ இரண்டு வளவுக்கும் ஒரே அளவாகத்தான் பெய்தது. அவருடைய ஓட்டில் விழுந்தது கண்ணாடி போல வழிந்து வீணாக மண்ணுக்குள் போகும். என் ஓலைக் கூரையில் விழுந்தது தேநீர் நிறத்தில் இறங்கும். அந்த ஓட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

நான் வேட்டியில் தொடங்கினேன். அதை நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே குடத்தை வைத்தேன். செலவே இல்லை. கொஞ்சம் கை நிமிர்ந்த பிறகு குசினிக்கு மட்டும் தகரம் போட்டு, பீலி பொருத்தி, பீப்பாவில் பிடித்தேன். அதற்கும் பிறகுதான் தொட்டி. சீமெந்துக்கு வழியில்லை. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, கடற்கரை மணலோடு குழைத்துப் பூசினேன். தொட்டி நிரம்பியது. வாயில் வைத்தால் சவர்! வானத்துத் தண்ணீரைப் பிடித்து உப்பாக்கிய கெட்டிக்காரன் நான்தான்.

பூச்சில் ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைத்தேன். உப்பு மணலில் இருந்தது. உட்பூச்சு முழுவதையும் சுரண்டி எறிந்தேன். புது மணலை வளவில் குவித்து, ஒரு மாரி முழுவதும் மழை கழுவட்டும் என்று விட்டேன். தினமும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சகலன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"என்ன மண்தின்னி, இண்டைக்குக் கறி என்ன?"

ஊரெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கழுவிய மணலால் பூசிய பிறகு, அடுத்த மாரியில் என் தொட்டித் தண்ணீர் இளநீர். இரண்டாவது தொட்டி கட்டவென்று இன்னொரு குவியல் மணலையும் மழையில் போட்டேன்.

என் தண்ணீர் இனித்ததைக் கண்டு சகலனும் தொட்டி கட்டத் தொடங்கினார். குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் சீமெந்து வந்தது, புதுத் தகரப் பீலி வந்தது, பட்டணத்து மேசன் வந்தார். தொட்டி என்னுடையதைப் போல நாலு மடங்கு. மணல் மட்டும் கடற்கரையில் அள்ளியது. நான் கண்டேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மழை வந்தது, தொட்டி நிரம்பியது. மூன்றாம் நாள் மதிலடியில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு. மேசன் சீமெந்து வாசம் எண்டுறான்."

"என்னட்டை ஏன் அண்ணை கேக்கிறியள்? நான் மண்தின்னியெல்லோ?"

"அதை விடும். ஒருக்கா வந்து பாருமன்."

போனேன். பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

"மணல் கழுவேல்லை, அண்ணை. உள்ளுக்குப் பூசினதெல்லாம் உடைக்க வேணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வீடு வரும்வரை அடக்கிக்கொண்டேன். வீட்டில் மனைவி அதற்கு இடம் தரவில்லை.

"அக்கான்ரை பிள்ளையள் இன்னும் ஒரு வருசம் சவரோ குடிக்கிறது? உங்கடை மணல் கழுவிக் கிடக்குதுதானே."

"அது எங்கடை ரெண்டாவது தொட்டிக்கு."

"தொட்டி பிறகு கட்டலாம்."

கொடுத்தேன். ஒரு கடகப் பெட்டி மணல்கூட மிச்சமில்லாமல் கொடுத்தேன். பூசும்போது மேசனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த மழைக்குச் சகலனுடைய தண்ணீர் இனித்தது. பெண்கள் குடத்தோடு அங்கே போகத் தொடங்கினார்கள். அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா பார்க்க வந்தார். அவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டியவன் நான்.

"நல்ல தண்ணி. ஆரின்ரை யோசினை?" என்று கேட்டார் ஐயா.

சகலன் சால்வையைச் சரி செய்தார். "எல்லாம் என்ரை யோசினைதான், ஐயா."

பிறகு தொட்டியில் ஒரு கல் பதித்தார். அவர் பெயர், கட்டிய வருடம். இன்று இந்தப் பக்கத்தில் தொட்டி கட்டுகிற எல்லோரும் ஒரு மாரி மணலைக் கழுவித்தான் கட்டுகிறார்கள். அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'கடைக்காரர் முறை'. எனக்கு மிஞ்சியது மண்தின்னி. என் இரண்டாவது தொட்டி இன்னும் கட்டப்படவில்லை.

அந்தக் கல்லில் அவருடைய பெயருக்குக் கீழே இரண்டு விரல் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நான் போய் அளந்து பார்த்தேன். 'மணலைக் கழுவச் சொன்னவரும், கழுவிய மணலைக் கொடுத்தவரும்' என்று எழுதி அங்கே என் பெயரையும் வெட்ட வேண்டும். எழுத்துச் சின்னதாக இருந்தாலும் சரி. ஆழமாக வெட்ட வேண்டும், மழையில் அழியக் கூடாது.